தொண்ணூறு புள்ளி நான்கு

ஜூன் 5, திங்கள்

இடுப்பில் தகடு வைத்துத் தைத்துப் பன்னிரண்டு நாள். காலையில் இரண்டு மாத்திரை, மதியம் ஒன்று. காலில் வீக்கம் இருக்கிறது. வயிறு இன்னும் இளகவில்லை.

இதை எல்லாம் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுதுகிறவள் சகாயமேரி. என்னைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியில் இருந்து வந்திருக்கிற பொம்பளை. காலை எட்டுக்கு வந்தால் சாயங்காலம் ஆறுக்குப் போவாள். என் மகன் ராஜாங்கம் கடையில் கிடந்த டைரி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மருந்து நாலு வரியில் முடிந்துவிடுகிறது, மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது.

"மிச்சத்துல நான் சொல்றதை எழுதுறியா மேரி?"

"எழுத்துக் கூலி உண்டாய்யா?"

"எனக்கு ஆகாதுன்னு டாக்டர் நிறுத்துன சீனி பூராவும் உனக்குத்தான்."

சிரித்துக்கொண்டு எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது, பெருவிரல்தான். ஆனால் நாற்பத்தொரு வருஷம் மைக்செட் போட்டவன். கேசட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நகப்பாலீஷால் பொட்டு வைத்திருப்பேன், பொட்டைப் பார்த்தால் பாட்டு தெரியும். யார் வீட்டுக் கல்யாணத்தில் எந்த மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

இந்த வீடு திண்டுக்கல்லுக்கு வெளியே, இரண்டாம் மாடி. லிப்ட் இல்லை. ராஜாங்கம் வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் சேர் ஒன்றிலேயே என்னை உட்காரவைத்து நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது. அதற்கப்புறமும் படி இறங்குவேனா என்று யாரும் சொல்லவில்லை. அவன்தான் எனக்கு ஒரே பிள்ளை.

ஜூன் 6, செவ்வாய்

ரேடியோவைப் பற்றி எழுதச் சொன்னேன்.

இது உள்ளங்கை அகல பாட்டரி ரேடியோ. முள்ளை நான் நகர்த்துவதே கிடையாது, தொண்ணூறு புள்ளி நான்கிலேயே நிற்கும். ஆனால் அந்த ஒரே இடத்தில் இரண்டு ஸ்டேஷன் குடியிருக்கிறது. சிறுமலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்று நடத்துவது கலைமுற்றம். மேற்கே வத்தலக்குண்டு ரோட்டில் இன்னொரு கல்லூரி நடத்துவது ஏர்முனை. இரண்டும் பழைய பாட்டுத்தான் போடுகின்றன. பதினொரு மணிக்கு இரண்டிலும் நேயர்கள் போன் பண்ணிப் பாட்டுக் கேட்கிறார்கள். இரண்டிலும் ஒரு பெண்பிள்ளை "தொண்ணூறு புள்ளி நான்கு" என்று ஒரே ராகத்தில் இழுக்கிறது.

பழைய ரேடியோ என்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரையும். இது அப்படி இல்லை. எது பலமோ அதுதான் கேட்கும், மற்றது செத்தது போல. தலைமாட்டுப் பலகையில் வைத்தால் கலைமுற்றம். கால்மாட்டு ஸ்டூலில் வைத்தால் ஏர்முனை. நடுவில் கட்டிலில் வைத்தால் ஆள் குறுக்கே போனாலும் மாறிவிடும். பல்லவி அங்கே, சரணம் இங்கே. மேரி கூட்டிப் பெருக்கும்போது நாலு தடவை மாறியது.

"அய்யா, நான் அந்தப் பக்கம் போகவா, இந்தப் பக்கம் வரவா?"

"நீ ஒரு எடமா நில்லு தாயி."

வயிறு இளகியது.

ஜூன் 8, வியாழன்

மூன்று மாத்திரையும் போட்டாயிற்று. பதினொன்றே காலுக்குக் கலைமுற்றத்தில் யாரோ ஒரு பொம்பளை பாட்டுக் கேட்டாள். அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 9, வெள்ளி

தூக்கம் இல்லை.

ஜூன் 10, சனி

நேற்றெல்லாம் மேரி என்னைக் குடைந்துகொண்டே இருந்தாள். சொல்லிவிட்டேன். முதல் நாள் பக்கத்தில் ஒரே பிள்ளை என்று எழுதச் சொன்னது பொய். அதை அடிக்க வேண்டாம், இருக்கட்டும்.

ராஜாங்கத்துக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு. பவுன்தாய். பவுனு என்று கூப்பிடுவோம். வியாழக்கிழமை பாட்டுக் கேட்டவள் அவள்தான். "கணவாய்ப்பட்டியில இருந்து பவுன்தாய்" என்றாள். பெயர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது மைக்கை டெஸ்ட் பண்ண அவளைத்தான் விடுவேன். முதலில் பூ என்று ஒரு தரம் ஊதுவாள், அப்புறம்தான் ஹலோ. இப்போது நாற்பத்தெட்டு வயசாகியும் போனில் ஊதுகிறாள்.

இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று அவள் குரலைக் கேட்டு.

"எங்க அப்பா" என்று என்னவோ ஆரம்பித்தாள். அதற்குள் ஏர்முனை வந்து விழுந்து உரம் விலை சொல்லிவிட்டது. ஓடக்காரன் பாட்டு ஒன்று உண்டு, நான் குழாய் கட்டியதும் முதலில் போடுவது. அதைத்தான் கேட்டிருக்கிறாள். ஏர்முனை விலகியபோது அந்தப் பாட்டின் கடைசி வரி போய்க்கொண்டிருந்தது.

"பேச வேண்டியதுதானேய்யா? நம்பர் இல்லையா?"

"ராஜாங்கம் விடமாட்டான். அக்கா பேரையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. அவன் வச்ச சட்டம்."

மேரி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஜூன் 13, செவ்வாய்

டாக்டர் வந்தார். தையல் பிரித்தார். "தாத்தா, நடுவீட்டுல நாலு எட்டு வைக்கலாம், அடுத்த மாசம்" என்றார். படி எப்போது என்று கேட்டேன். ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் சுவரைப் பார்த்தான்.

ஜூன் 15, வியாழன்

இன்று பத்தரைக்கே ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். மேரியை அடுப்படிக்கு அனுப்பிவிட்டேன், குறுக்கே வராமல் இருக்க.

பதினொன்று இருபதுக்குப் பவுனு ஊதினாள்.

"அக்கா, வழக்கம்போல ஓடக்காரனா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"ஆமாம்மா. எங்க அப்பா நினைவா."

"அப்பா தவறி எத்தனை வருஷமாச்சுக்கா?"

"ஆச்சும்மா. இந்த ஆவணி வந்தா இருபத்தெட்டு."

அப்போது பார்த்து மேரி கையில் மாத்திரையோடு வந்தாள். மாத்திரையை வாயில் போட்டேன். தண்ணீர் குடித்தேன். ரேடியோவில் பாட்டு, அதற்குப் பின்னால் போன் நம்பர் சொன்னார்கள். ஒரு தரம் கேட்டால் எனக்குப் போதும். பத்து எண்ணும் மனசில் ஏறிவிட்டது.

ஆவணி என்றாள். நான் செத்தது ஆவணியில்தானா?

ஜூன் 17, சனி

"எதுக்குய்யா அவங்க உங்களைச் செத்துட்டதா நெனைக்கிறாங்க? யாராச்சும் பொய் சொல்லிட்டாங்களா?"

"அவளுக்கு நான் சாகலைன்னு தெரியும் மேரி."

"அப்புறம்?"

"வேற சாதிப் பையனோட போனா. நான் தலை முழுகுனேன். ஊர் வழக்கம்தான். நான் மட்டுமா செஞ்சேன்?"

மேரி கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவளும் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவள் என்று பிறகு சொன்னாள்.

இன்று வலி அதிகம்.

ஜூன் 22, வியாழன்

மேரியின் போனில் பேசினேன். நான் நம்பர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒரு பையன் எடுத்தான். "நேயர் நேரமாய்யா? லைன் எல்லாம் பிசி. சேதியைச் சொல்லுங்க, பதிஞ்சுக்கிறோம், படிச்சிருவாங்க."

நான் சொன்னது: "கணவாய்ப்பட்டி பவுன்தாய்க்கு. உன் அப்பன் அழகுமலை உசுரோடதான் இருக்கான். ராஜாங்கம் வீட்டு மாடியில இடுப்பு ஒடிஞ்சு கெடக்கான். வந்து பாத்துட்டுப் போ."

பிறகு தலைமாட்டில் கலைமுற்றத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மூச்சுப் பிடித்துக் கிடந்தேன். மேரி நடுவீட்டில் சிலையாக நின்றாள். பவுனு வந்தாள், பாட்டுக் கேட்டாள், அப்பா நினைவாக என்றாள், போனாள். என் சேதி வரவே இல்லை.

"மறந்திருப்பாங்கய்யா. சின்னப் பசங்க."

இருக்கலாம்.

ஜூன் 23, வெள்ளி

சேதி வந்திருக்கிறது. ஏர்முனையில்.

நேற்று சாயங்காலம் ராஜாங்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். கடையில் எப்போதும் ரேடியோ ஓடும். அங்கே ஏர்முனைதான் எடுக்கும். காதுகுத்துக்குச் சேர் எடுக்க வந்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தபோது என் சேதியை ரேடியோவில் படித்திருக்கிறார்கள்.

"என்ன ராஜாங்கம், உங்க அப்பாவை மாடியில போட்டுப் பூட்டி வச்சிருக்கியாமேன்னு ஒருத்தன் கேக்குறான். எனக்கு எங்க போய் மூஞ்சியை வைக்கிறதுன்னு தெரியலை."

"நான் அவளுக்குச் சொன்னேன்."

"அவளுக்கு எங்க சொன்ன? ஊருக்குச் சொல்லியிருக்க. உனக்கு எப்பவும் அதுதானே பழக்கம்."

ரேடியோவை எடுத்து பீரோவுக்கு மேலே வைத்தான். மேரியைப் பார்த்து, இனி போனைக் கொடுத்தால் ஏஜென்சிக்குச் சொல்லி ஆளை மாற்றிவிடுவதாகச் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு.

அன்றைக்கு மேரி மாத்திரையோடு குறுக்கே வந்தாள் அல்லவா? அந்த நேரத்தில் ஸ்டேஷன் மாறியிருக்கிறது. இரண்டிலும் அதே காலத்துப் பாட்டு, அதே மாதிரிக் குரல். நான் மகளைப் பற்றியே நினைத்துக்கொண்டு கிடந்தவன், கவனிக்கவில்லை. நம்பர் ஏர்முனையுடையது. பத்து எண்ணையும் பிசகாமல் வைத்திருந்தேன். ஒரு எண்ணாவது மறந்திருக்கலாம்.

ஜூன் 26, திங்கள்

பீரோ மேல் ஏர்முனை மட்டும்தான் எடுக்கிறது. காலையில் பாடவிட்டுப் போகிறான், சாயங்காலம் வந்து அணைக்கிறான். அப்பாவுக்குப் பொழுது போக வேண்டுமாம்.

இன்று அதிலும் ஓடக்காரன் பாட்டு வந்தது. யாரோ ஒட்டன்சத்திரத்து ஆள் மனைவியின் பிறந்தநாளுக்காகக் கேட்டார். அதே பாட்டு, அதே எண்ணில். எட்டாத உயரத்தில் இருந்துகொண்டு பாடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை.

ஜூன் 28, புதன்

மேரி, இதை எழுது. நடுவில் கேள்வி கேட்காதே.

தலை முழுகியது என்றால் எல்லாரும் ஆற்றில் போய் முழுகிவிட்டு வருவார்கள். நான் அதோடு விடவில்லை. தெரு முனையில் ஒன்று, கோயில் வேம்பில் ஒன்று, பஸ் நிற்கிற புளியமரத்தில் ஒன்று, மூன்று குழாய் கட்டினேன். மூன்று நாள் ஒப்பாரி கேசட் போட்டேன். மணிக்கு ஒரு தரம் நானே மைக்கைப் பிடித்து, "அழகுமலை மகள் பவுன்தாய் காலமானார்" என்று சொன்னேன். அவள் அப்போது கணவாய்ப்பட்டியில் அந்தப் பையன் வீட்டில் இருந்தாள். நாலு மைல். மூன்றாவது குழாயை அந்தத் திசை பார்த்துத்தான் திருப்பி வைத்தேன்.

என் வீட்டுக்காரி ராக்கம்மா மூன்று நாளும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து அவள் இறந்தபோது பவுனு வந்தாள். ராஜாங்கத்தைத் தெரு முனையில் நிற்கவைத்து மறித்தது நான். சட்டம் அவன் வைத்தது என்று சொன்னேன் இல்லையா, அது அப்படி இல்லை.

மருந்து சரியாகப் போகிறது. வீக்கம் குறைவு.

ஜூன் 29, வியாழன்

பதினொன்று இருபது. பீரோவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். உரம் விலை.

ஜூலை 2, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மேரி வர மாட்டாள். இது திங்கள் காலையில் அவள் எழுதுவது.

ராஜாங்கம் எனக்குச் சவரம் பண்ணிவிட்டான். கன்னத்தைப் பிடித்திருந்தபோது கேட்டேன்.

"கலைமுற்றத்து நம்பர் வேணும்டா. நான் ஒரு தரம் பேசணும்."

"பேசி?"

"பவுனுக்கு."

பிளேடை எடுத்துவிட்டான். "அசையாதப்பா, கீறிடும்." மறு கன்னத்துக்குச் சோப்புப் போட்டான். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"கேசட்டைத் திருப்பிப் போட்டது யாருப்பா?"

பிளேடு தாடைக்கு இறங்கியது.

"எனக்குப் பத்தொம்பது வயசு. ஏ பக்கம் முடிஞ்சா பி பக்கம். மூணு நாள். நீ மைக்குல சொல்லிட்டு வெத்தலை போடப் போயிருவ. நான் ஆம்ப்ளிபயர் பக்கத்துல உக்காந்து எங்க அக்காவுக்கு ஒப்பாரி போட்டேன். அம்மா செத்தப்ப அவளைக் கையைப் பிடிச்சுத் தள்ளுனதும் நான்தான். தள்ளும்போது என்னைப் பாத்து என்ன சொன்னா தெரியுமா? சாப்டியாடான்னா."

சோப்பைத் துடைத்தான்.

"இப்ப நீ வான்னு சொல்லுவ. அவ வருவா. நான் கதவைத் தொறந்து கும்புடணும். அப்படித்தானே? ரேடியோவுல என்ன சொன்ன? வந்து பாத்துட்டுப் போன்னு. அப்பவும் அவதான் வரணும். செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை இருந்துச்சா அதுல?"

இல்லை. நான் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தேன். இல்லைதான்.

ஜூலை 5, புதன்

இரண்டு பேர் பிடிக்க, கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே நாலு எட்டு. சன்னலில் இருந்து பார்த்தால் கீழே படிக்கட்டுக் கேட்டின் மேல்விளிம்பு தெரிகிறது. முப்பத்தாறு படி. ஏற்றியபோது எண்ணினேன். திரும்பி வந்து படுத்தபோது உடம்பெல்லாம் நடுக்கம்.

ஜூலை 6, வியாழன்

பத்தே முக்காலுக்கு ராஜாங்கம் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தான். பீரோ மேலிருந்து ரேடியோவை எடுத்துத் தலைமாட்டில் வைத்தான். போனை என் கையில் வைத்தான். யாரிடமோ கேட்டு நம்பரை ஏற்கெனவே வாங்கிவைத்திருக்கிறான்.

"கலைமுற்றம்தான். ரெண்டு தரம் கேட்டுட்டேன்."

வாசலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

நாற்பது தடவையாவது மேரி தட்டியிருப்பாள். பதினொன்று பத்துக்கு லைன் கிடைத்தது. ரேடியோவை அணைக்கச் சொன்னேன். மைக் பக்கத்தில் குழாய் பேசினால் ஊளையிடும், அது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"வணக்கம், யார் பேசறீங்க?"

"அழகுமலை. மைக்செட் அழகுமலை."

"சொல்லுங்கய்யா, யாருக்காக என்ன பாட்டு?"

"பாட்டு வேண்டாம்மா. நான் பாட்டுப் போட்டது போதும். ஒரு சேதி சொல்லணும்."

அந்தப் பிள்ளை யோசித்தது. சுருக்கமாகச் சொல்லச் சொன்னது. நான் சொன்னேன்: "தொண்ணூத்தஞ்சு ஆவணியில மூணு குழாய் கட்டி, என் மக பவுன்தாய் செத்துட்டான்னு நான் மைக்குல சொன்னேன். அது பொய். அவ நல்லா இருந்தா. நான்தான் தப்பு. என் மகன்மேல ஒண்ணும் இல்லை, அவன் சின்னப் பையன், நான் சொன்னதைச் செஞ்சான். மைக்குல சொன்னதை மைக்குலேயே எடுத்துக்கிறேன். அவ வர வேண்டாம். அவ காதுல இது விழுந்தாப் போதும்."

 "சரிங்கய்யா" என்றது அந்தப் பிள்ளை, சின்னக் குரலில். லைன் போய்விட்டது.

ராஜாங்கம் வந்து போனை வாங்கினான். கண் சிவந்திருந்தது. "முடிஞ்சுதா?" என்றான். படி இறங்கிப் போய்விட்டான். மேரி ரேடியோவைப் போட்டாள். ஏதோ பாட்டு. பவுனு வந்தாளா, எனக்கு முன்னாலேயே வந்து போய்விட்டாளா, ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 8, சனி

மேரி சொல்கிறாள், கணவாய்ப்பட்டி மேடு, அங்கே கலைமுற்றம் நன்றாக எடுக்கும் என்று. நான் அந்த மேட்டை அறிவேன். மழை மேகம் மேற்கே நின்றால் எல்லாம் மாறும். நான் பேசிய நேரத்தில் அவள் வீட்டில் உரம் விலை ஓடியிருந்தால்?

கேட்கவும் வழி இல்லை. முப்பத்தாறு படி.

ஜூலை 11, செவ்வாய்

கீழே கேட் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்குகிறேன். தண்ணீர் கேன்காரன். கேபிள்காரன். வர வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான்.

ஜூலை 13, வியாழன்

காலையில் இருந்து காற்று. ரேடியோ தலைமாட்டிலேயே ஆள் மாற்றி ஆள் பேசுகிறது. பதினொன்று பதினைந்துக்கு ஏர்முனை வந்து ஏறிக்கொண்டது, இறங்கவே இல்லை. மேரி ரேடியோவை எடுத்துக்கொண்டு அறை முழுக்க நடந்தாள். பீரோ ஓரம், கதவு ஓரம். சன்னல் கம்பியில் சேர்த்துப் பிடித்து, ஒரு காலைக் கட்டில் சட்டத்தில் வைத்து ஏறியபோது கலைமுற்றம் பிடித்துக்கொண்டது.

"அப்படியே நில்லு."

"கை வலிக்கும்யா."

"நில்லு தாயி."

ஊதினாள்.

"அக்கா, வணக்கம்க்கா" என்றது அந்தப் பிள்ளை. மற்ற நாள் மாதிரி சிரிக்கவில்லை. போன வாரம் பேசிய குரலை அது மறந்திருக்காது. "ஓடக்காரன் பாட்டாக்கா?"

 பவுனு வீட்டில் கோழி ஒன்று கத்துவது கேட்டது.

"வேண்டாம்மா. இனிமே அந்தப் பாட்டு வேண்டாம்."

"சரிக்கா. வேற எதைப் போட?"

"எதையாச்சும் போடும்மா."

"யாருக்காகக்கா?"

"யாருக்கும் இல்லை. சும்மா போடு."

வைத்துவிட்டாள். பாட்டு ஆரம்பித்தது. புதுப் பாட்டு போல, ஒரு பையன் பாடினான். நாற்பத்தொரு வருஷத்தில் எந்தப் பந்தலிலும் நான் போட்டிராத பாட்டு. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. முடிகிறவரைக்கும் மேரியை அசையவிடவில்லை.